வாட்டு மாடியில் காய்ந்த இறக்கை

காலை ஏழு மணிக்கும் மைதானத்தின் மேல் மூடுபனி அப்படியே உட்கார்ந்திருந்தது. அது கலைந்தவுடன் கனகலிங்கம் ஐயா விமானத்தை எடுத்துவிடுவார். அதற்குள் நான் அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சின்ன விமானம்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சோடி இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. உலக யுத்தத்தில் விமானிகளைப் பழக்குவதற்குச் செய்தது. யுத்தம் முடிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் அதை வாங்கி, ஓட்டிச் சலித்து, உர ஸ்டோருக்குப் பின்னால் போட்டுவிட்டார். அறுபது வருசத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வெடுத்து, கந்தப்பளையில் வீடு கட்டிக் குடிவந்தவர். தோட்ட நிர்வாகத்தோடு பேசி அதைக் கேட்டு வாங்கினார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருசமாக பிட்டர், இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். என்னை உதவிக்குக் கூப்பிட்டார். இறக்கைகளுக்குத் துணி தைத்தது காளியாயி அக்கா. கொழுந்து எடுத்து ஓய்வானவர், கைத்தையலில் கெட்டி. மூன்று பேருமாக நான்கு வருசம் மாரடித்தோம்.

இடையில் கொழும்பிலிருந்து சிலர் வந்தார்கள். இந்த மாதிரி விமானம் இனிக் கிடைக்காது, கண்ணாடிக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள், பறந்து விழுந்தால் ஆளும் போகும் விமானமும் போகும் என்றார்கள்.

“பறக்காட்டி இது வெறும் மேசை கதிரை மாதிரி ஒரு சாமான்,” என்றார் ஐயா. “ஓட்டப் போறது நான். போனா என்ர உயிர்தானே.”

நானும் அவர் பக்கம்தான் நின்றேன். பறக்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த இறக்கையோடு அல்ல.

நடந்தது இதுதான். கீழ் இறக்கைகளுக்குள் நீளமாக ஓடும் மரச்சட்டங்கள் உளுத்திருந்தன. உளுத்த துண்டுகளை அறுத்துவிட்டுப் புது மரத்தைச் சாய்வாகச் சீவி, பசை வைத்து ஒட்டினோம். பசை இறுகுவதற்கு ஒரே அளவான மிதச் சூட்டில் ஏழு நாள் வேண்டும். அப்போது விடாத மழை. நாங்கள் வேலை செய்த கொட்டகைக்குள் மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர். ஐயா கொழும்புக்குப் போயிருந்தார். மூன்றாம் நாளும் பசை விரலில் ஒட்டியது.

நான் தொழிற்சாலைக்காரன். ஈரம் என்றால் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பச்சைக் கொழுந்தை வாட்டுகிற மேல்மாடிக்கு இறக்கையைத் தூக்கிப் போய், தட்டின் மேல் கிடத்திச் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு வந்ததெல்லாம் மழையில் நனைந்த கொழுந்து, அதனால் சூட்டைக் கூட்டித்தான் வைத்திருந்தார்கள். பதினொரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பசை கல்லு மாதிரி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கொட்டகையில் ஏழு நாள் காய்ந்தது என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு சீவும்போது, இடது இறக்கையில் ஒட்டிய இடத்தின் ஓரத்தில் தலைமயிர் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. சூட்டில் மரம் சுருங்கிப் பசை விட்டிருந்தால் அப்படித்தான் தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மறைந்துவிட்டது. அதன்மேல் துணி வந்தது, துணிமேல் மூன்று பூச்சு வந்தது. பரிசோதிக்க வந்தவரும் நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போனார்.

மைதானத்தில், கூட்டத்தை நிறுத்தக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தின் மூன்று டிவிசன் ஆட்களும் நின்றார்கள். காளியாயி அக்கா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன தம்பி, மூஞ்சி செத்துக் கெடக்கு? பறக்கப் போறது ஐயா. நீங்க கீழ நின்னு கைதட்டப் போறீங்க.”

பனிக்குள் தொழிற்சாலைக் கூரை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கோயில் மரம் தெரிந்தது. ஐயா தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

“சிவசாமி, சுத்தும்.”

அந்த விமானத்தின் எஞ்சின் கிளம்ப, முன்னால் இருக்கும் காத்தாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும். அது என் வேலை. போய் முன்னால் நின்றேன். கை வைக்கவில்லை.

“எறங்குங்க ஐயா. எடது றெக்கை சரியில்ல.”

“நேற்றும் தட்டிப் பாத்தனான். நல்லாத்தானே இருக்கு.”

“நான் பொய் சொல்லிட்டேங்க. அத கொட்டகையில காய வைக்கல. கொழுந்து வாட்டுற மாடியில போட்டேன்.”

ஐயா தொப்பியைக் கழற்றினார். “இண்டைக்கே சொல்லுறீர் இதை?”

“மூணு மாசமா சொல்ல வாரேன். வாய் வரல.”

“சனமெல்லாம் வந்து நிக்குது. ஒரே ஒரு வட்டம். அஞ்சு நிமிசம். தாங்காதோ?”

“தாங்குனாலும் தாங்கும். எனக்குத் தெரியலைங்க.”

“தெரியாட்டிச் சுத்தும்.”

“நான் சுத்த மாட்டேன்.”

“அப்ப விலகும். வேற ஆளைக் கூப்பிடுறன்.” கயிற்றுப் பக்கம் கையைத் தூக்கினார். எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் ரூம் ஆள் ஒருவர் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். மைதானத்தின் மறுகோடி வரைக்கும் வெளிச்சம் விழுந்திருந்தது.

நான் காத்தாடியை விட்டு நகரவில்லை. ஓடிவந்தவர் என் தோளைப் பிடித்தார்.

“எவடத்துல தம்பி?” அக்காவின் குரல்.

திரும்பினேன். காளியாயி அக்கா இடது இறக்கைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்றார். நான் இடத்தைக் காட்டினேன். குத்தி, ஒரு முழத்துக்குக் கிழித்தார். இறுகிய துணி மேளத்தோல் மாதிரி வெடித்தது.

“காளியாயி அம்மா, என்ன வேலை இது?” ஐயா தடுமாறிக்கொண்டு இறங்கினார்.

“தச்சது நாந்தானே. பாருங்க. நல்லா இருந்தா இப்பவே தச்சுத் தர்றேன், ஏறிப் போங்க.”

ஐயா முழங்கால் போட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை. பைக்குள்ளிருந்து சின்னக் கத்தியை எடுத்து, ஒட்டிய கோட்டில் நுனியை வைத்து லேசாக அழுத்தினார். கத்தி உள்ளே போனது. அதற்கு மேல் அவர் அழுத்தவில்லை, அதுபாட்டுக்குப் பாதிக்கு மேல் போனது.

ஐயா புல்லில் உட்கார்ந்துவிட்டார். ரோலர் ரூம் ஆள் என் தோளிலிருந்து கையை எடுத்தார். கூட்டத்தில் யாரோ, “என்னவாம்? பறக்குமா பறக்காதா?” என்று கேட்டார்கள்.

ஐயா என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். “வலது பக்கச் செட்டை?”

அதில் நான் கோடு எதையும் பார்த்திருக்கவில்லை. அதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

“அதையும் அங்கதான் காய வச்சேன், ஐயா.”

காளியாயி அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, விமானத்தின் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.