படுத்திருந்த பாட்டில்

வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார் அப்பா, பாட்டிலைத் தாங்கிய விரல்கள் தேன் நிறமாகின்றன, ஜன்னலுக்கு வெளியே உப்பு லாரிகள் போகின்றன, ஊறிக்கிட்டிருக்கு பாரு ஏளா என்கிறார், இது நான் பள்ளிக்கூடம் போன காலமா, போன வருஷமா, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடத்தான் உட்காருகிறேன், வரிசை நிற்பதில்லை. பாட்டில் சித்தப்பா அனுப்பியது, அவர் கப்பல் வேலைக்குப் போய் ஸ்காட்லாந்தில் ஒரு தீவில் இறங்கி, அங்கே விஸ்கி காய்ச்சும் ஆலையில் பீப்பாய் உருட்டத் தங்கிவிட்டவர், பீப்பாய்களை அடுக்கி வைக்கும் அந்த ஊர்க் கிட்டங்கியை நான் பார்த்ததில்லை, ஆனாலும் மண் தரையும் கரி பிடித்த கல் சுவரும் அலை அடிக்கும் சத்தமும் எனக்குத் தெரியும், கனவிலா, அவர் போனில் சொன்னதிலா, வருஷா வருஷம் பீப்பாய்லேருந்து கொஞ்சம் காத்துல போயிரும் மக்கா, தேவதைங்க பங்குன்னு சொல்லுவாங்க. அவர் அங்கே சேர்ந்த புதிதில் அப்பாவையும் அவரையும் பெற்ற அம்மா இறந்துபோனாள், அம்மாவுக்கு இளைய மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், சித்தப்பாவிடம் சரியான காகிதங்கள் இல்லை, கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள் என்று வரவில்லை, அப்பா வைத்தார், அதோடு தம்பியுடன் பேச்சு நின்றது. அந்த வாரம் சித்தப்பா தன் கையால் நிரப்பிய பீப்பாய் இருபத்தைந்து வருஷம் இருட்டில் கிடந்து பாட்டிலுக்கு வந்தபோது ஒன்றை இங்கே அனுப்பினார், அம்மா தவறுன வாரத்துச் சரக்கு அண்ணே, இனியாவது பேசு, என்று சொல்லி அனுப்பினார், அப்பா அதைத் திறக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை, நேர்ல வரட்டும், அதுவரைக்கும் இன்னும் ஊறட்டும், என்று பீரோவில் சலவை வேட்டிகளுக்கு அடியில் படுக்க வைத்தார், நிறுத்தினால் மேல் தட்டு இடிக்கும், வந்துபோகிற சொந்தக்காரர் கண்ணிலும் படும்.

ஹோட்டல் வேலைக்கு நான் படிக்கும் மாலை வகுப்பில் மது பரிமாறும் பாடம் நடந்த அன்று ஓடிவந்து சொன்னேன், நிறுத்தி வையுங்கப்பா, படுத்துக் கிடந்தா தக்கை அரிச்சுப் போயிருமாம், கண்ணாடிக்குள்ள அதுக்கு வயசும் கூடாதாம், பீப்பாயோட சரியாம். சொல்லும்போதே சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம், அதை அப்பா என் முகத்தில் பார்த்துவிட்டார், சாராயம் ஊத்திக் கொடுக்கப் படிக்கிறவ வந்துட்டா, என் தம்பி குடுத்தத எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும், அவன் குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும். என் தம்பி என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை, அதனால்தான் வாயை மூடிக்கொண்டேனோ.

சித்தப்பா வருகிறார், நரைத்துப்போய், வாசலில் செருப்பைக் கழற்றத் தடுமாறுகிறார், அப்பா தோளைப் பிடித்துக்கொள்கிறார், என் அம்மா வஞ்சிரம் பொரிக்கிறாள், அப்பாவே பீரோவைத் திறந்து குழந்தையை எடுப்பதுபோல எடுத்துவருகிறார், வேட்டி நெடுக வெற்றிலைச் சாறுபோலக் கறை, பாட்டிலில் பாதிதான் இருக்கிறது, திருகியதும் தக்கை பொடிந்து உள்ளே விழுகிறது. அப்பா இரண்டு டம்ளரில் ஊற்றுகிறார், சித்தப்பா முகர்ந்து பார்த்துச் சிரிக்கிறார், ஆசையான சிரிப்புதான் அது, அங்க தேவதைங்க பங்கு கேக்கும் அண்ணே, இங்க உன் வேட்டியா கேட்டுச்சு, அப்பாவும் சிரிக்கப் பார்க்கிறார், அதோடு விட்டிருக்கலாம், ஒரு பாட்டில நிறுத்தி வைக்கத் தெரியலியே உனக்கு, என்கிறார் சித்தப்பா. அப்பா டம்ளரைக் கீழே வைக்கிறார். தெரியாதுதான்லே, இளையவன் வைக்க வேண்டிய கொள்ளியையும் தெரியாமத்தான் நான் வச்சேன். அடுப்பில் மீன் தீய்கிற வாசனை, யாரும் எழவில்லை, பிறகு சித்தப்பா எழுந்தார், தனக்கு ஊற்றியதில் வாய் வைக்கவில்லை, செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த டம்ளரை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், வகுப்பில் சொன்ன ஒரு ருசியும் இல்லை, ஈரச் சாக்கு, அதற்கும் அடியில் எங்கோ கொஞ்சம் புகை.

இப்போது பாட்டில் பீரோவின் மேல் நிற்கிறது, துணி திருகி வாயை அடைத்திருக்கிறது, வருகிற போகிற எல்லார் கண்ணிலும் படுகிறது, நான் அழைத்தாலும் சித்தப்பா எடுப்பதில்லை, அப்பா அதை இறக்கி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார், விரல்கள் தேன் நிறமாகின்றன, மிதக்கும் தக்கைத் துணுக்குகளின் நிழல் அவற்றின் மேல் எறும்புகளாக ஊர்கிறது, இப்ப நிறுத்தித்தான வச்சிருக்கேன், அவன்ட்ட சொல்லு ஏளா, என்கிறார்.