பதினைந்தாவது தோட்டா

பதினைந்து தோட்டாக்கள் உள்ளே போனதைக் கெண்ட்ரா பார்த்தாள். மாமனார் ஓர்வல் புதுப் பெட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றாகத் துப்பாக்கியின் தோட்டாக் குழாயில் நழுவவிட்டார். அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றாள். மகள் ஜோலின் தீவனச் சாக்கின்மேல் குப்புறப் படுத்து, மண்மேட்டில் வரிசையாக வைத்த பீன்ஸ் டின்களைச் சுட்டாள். பதினான்கு முறை வெடித்தது. அதன்பின் வெறும் 'டிக்'.

கெண்ட்ரா முதலில் தன் எண்ணிக்கையைத்தான் சந்தேகப்பட்டாள். அது அவள் சுபாவம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். மாலையில் கடைசிப் பிள்ளை இறங்கியதும் பின் இருக்கைவரை நடந்து போய் யாரும் தூங்கிக் கிடக்கவில்லையே என்று பார்க்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் ஒரு முறை பார்ப்பார்கள். அவள் இரண்டு முறை பார்ப்பாள். அப்படியும் வீடு திரும்பும் வழியில், எல்லா இருக்கையையும் பார்த்தோமா என்று யோசனை வந்துவிடும்.

"மாமா, ஒண்ணு குறையுது."

"என்னம்மா குறையுது?"

"தோட்டா. பதினஞ்சு போட்டீங்க. பதினாலுதான் வெடிச்சுது."

"காதுல அவ்ளோ பெரிய மூடி மாட்டிக்கிட்டு நிக்கிற. அதுல கணக்கு வேறயா?" ஓர்வல் சிரித்தார். துப்பாக்கியை வாங்கி, குழாயிலிருந்து தோட்டாவை ஏற்றி வெளியே தள்ளும் போல்ட்டை நான்கு முறை சரக் சரக்கென்று முன்னும் பின்னும் இழுத்தார். எதுவும் வெளியே விழவில்லை. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினார். "பாத்துக்க. காலி."

கெண்ட்ரா மண்டியிட்டுப் புல்லைத் துழாவினாள். வெடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டாள். பதினான்கு. இன்னொரு முறை துழாவினாள். வேறு இல்லை.

"பஸ்ஸுலதான் அட்டெண்டன்ஸ் எடுக்கறன்னா புல்லுலயுமா?" என்றார் ஓர்வல். ஜோலினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கெண்ட்ராவும் சிரித்து வைத்தாள்.

இந்தத் துப்பாக்கி அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. அணில் வேட்டை அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. ஜோலினுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. இந்த மலைப்பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் சாக்குச் சொல்ல முடியாது. இரண்டு வாரமாகக் கெண்ட்ரா மின்சாரக் கட்டண ரசீதின் முதுகில் பட்டியல் போட்டிருந்தாள். எல்லாமே இருபத்திரண்டு ரகம். சின்னத் தோட்டா, தோளில் உதைக்காது, மலிவு. அடகுக் கடையில் ஒன்று: பத்துத் தோட்டா பிடிக்கும், விலை குறைவு, ஆனால் பின்கட்டை ஜோலினின் கைக்கு நீளம். இன்னொன்று தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். அதைப் பார்த்ததுமே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். மூன்றாவது, தீவனக் கடை ஹோபர்ட்டிடம் இருந்த புதுசு. பிள்ளைகள் அளவுக் கட்டை, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா, நூற்றறுபது டாலர்.

"இதுல ஒளியறதுக்கு இடமே கெடையாது தங்கச்சி. கையால போட்டா இருக்கு. எடுத்தா இல்ல. அவ்ளோதான் சங்கதி," என்று ஹோபர்ட் சொன்னான்.

அன்றைக்கே அதை முடிவு செய்துவிட்டாள். எரிவாயுக் குழாய் பதிக்கும் வேலையில் மூன்று மாநிலம் தள்ளி இருக்கும் கணவன் டேனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்பா அவரோடத சும்மா தர்றேங்கறாரு. நூத்தறுவதக் கொண்டுபோய் ஹோபர்ட்கிட்டக் கொட்டணுமா?"

"அதுல குழாய் இருக்கு டேன். நெளிசல் வேற விழுந்திருக்கு."

"நான்தான் பன்னண்டு வயசுல வேலி தாண்டறப்பக் கீழ போட்டேன். அதுக்கப்புறம் எத்தன நூறு அணில் அடிச்சிருக்கோம்! அந்தத் துப்பாக்கிய வேணாம்னா அவரு மூஞ்சில துப்பற மாதிரி கெண்ட்ரா."

அதோடு பேச்சு முடிந்தது. இப்போது மண்மேட்டின் முன்னால் நின்று, டேனின் அந்த நெளிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. கட்டைவிரல் நகம் அளவு. தோட்டாக் குழாயின் வயிற்றில், குழந்தை கன்னத்தில் குழி விழுந்ததுபோல்.

மூன்று மணிக்கு மூவரும் கெண்ட்ராவின் வீட்டுச் சமையலறையில் இருந்தார்கள். மிச்சத் தோட்டாக்கள் இருந்த பெட்டியை ஓர்வல் மேசைமேல் வைத்தார். கால்சட்டைப் பையிலிருந்து பத்து சென்ட் நாணயம் ஒன்றை எடுத்தார். அந்தக் குடும்பத்தில் இது நெடுநாள் வழக்கம். பிள்ளை காட்டுக்குள் போகுமுன் வீட்டுக்குள் படுத்து, காலித் துப்பாக்கியின் குழல்நுனியில் நாணயத்தை நிறுத்தி, பத்து முறை போல்ட்டை இழுத்து மூடி விசையை இழுக்க வேண்டும். நாணயம் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. விழாமல் பத்து முடித்தால்தான் வேட்டைக்கு வரலாம். டேனும் அவன் அண்ணன் ரஸ்ஸலும் இந்தத் துப்பாக்கியில்தான் பத்து முடித்தவர்கள்.

ஜோலின் தரையில் படுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த சேவல் பொம்மையைக் குறிபார்த்தாள். ஓர்வல் குனிந்து நாணயத்தை வைத்தார்.

"மாமா, ஒரு நிமிஷம். குழாய உருவிட்டு உள்ள ஒரு கம்பி விட்டுப் பாத்துரலாமே."

ஓர்வல் நிமிரவில்லை. "எதுக்கு?"

"ஒண்ணு சிக்கியிருந்தா?"

"நாலு தடவ போல்ட்டு இழுத்தேன். நீதான் பாத்துக்கிட்டு நின்ன."

"பாத்தேன். ஆனா பதினஞ்சு..."

"ஏம்மா," ஓர்வலின் குரல் இறங்கியது. அவர் கோபப்பட்டால் குரல் இறங்கும். "நான் காலின்னு சொல்லிக் குடுத்த துப்பாக்கிய இதுவரைக்கும் யாரும் கம்பி விட்டுப் பாத்ததில்ல. என் பசங்க பாத்ததில்ல. எங்கப்பன் பாத்ததில்ல. நேத்து வந்த நீ பாக்கணுமோ?"

நேற்று என்றால் பதினோரு வருடம்.

கெண்ட்ராவுக்கு முகம் சூடேறியது. தான் சொல்வது முட்டாள்தனமாக இருக்கலாம். ஒரு சத்தத்தைத் தவறவிட்டிருக்கலாம். ஒரு கூடு புல்லின் வேரில் புதைந்திருக்கலாம். ஜோலினின் சின்ன விரல் விசைக்கு உள்ளே போவதைப் பார்த்தாள். அந்த விரலைப் பார்த்த பிறகு யோசிக்கவில்லை. குனிந்து, குழலின் மேலிருந்த நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. இது எங்களுக்கு வேணாம். ஹோபர்ட்கிட்ட இருக்கறதையே வாங்கிக்கறேன்."

"அம்மா! நீ எப்பப் பாத்தாலும் எல்லாத்தையும் கெடுக்கற!" ஜோலின் அழத் தொடங்கினாள்.

ஓர்வல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். கதவருகில் நின்று தொப்பியைச் சரிசெய்தார். "உங்க பொம்மைத் துப்பாக்கிய வெச்சுச் சந்தோஷமா இருங்க. ரஸ்ஸல் வீட்டுல அவன் மக ஹேலி இருக்கா. அவ தலைல வெச்சுக் கொண்டாடுவா."

வண்டி சரளைப் பாதையில் குலுங்கிக் குலுங்கி இறங்கிப் போனது.

கெண்ட்ராவுக்கு உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. அதைப் பிறகு தன்னிடமே அவளால் மறைக்க முடியவில்லை. காபிக் கோப்பைகளைக் கழுவினாள். ஜோலினுக்கு ரொட்டியில் ஆப்பிள் ஜாம் தடவிக் கொடுத்தாள். டேனிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். துணியால் மேசையைத் துடைக்கும்போது தோட்டாப் பெட்டி கையில் தட்டியது. ஓர்வல் மறந்துவிட்டுப் போயிருந்தார்.

ஐம்பது தோட்டாப் பெட்டி. மண்மேட்டின் முன்னால் அவள் கண்ணெதிரே கிழித்த புதுசு. அவள் மேசையில் கொட்டி, ஐந்தைந்தாக ஒதுக்கினாள். ஏழு குவியல். முப்பத்தைந்து. கலைத்துவிட்டு மறுபடி ஒதுக்கினாள். முப்பத்தைந்து.

பையிலிருந்த வெற்றுக் கூடுகளை எடுத்தாள். பதினான்கு.

அவள் எண்ணியது சரிதான். வாழ்க்கையில் ஒருமுறையேனும் தான் சரி என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததுண்டு. இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

தோட்டா அந்த நெளிசலில் பழைய எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான்கு முறை இழுத்தும் வரவில்லை. இப்போது ரஸ்ஸலின் வீடுவரை ஏழு மைல் சரளைப் பாதையில் வண்டி அதைக் குலுக்கிக்கொண்டு போயிருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஓர்வல் என்ன செய்வார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் பத்து சென்ட் நாணயங்களுக்குப் பஞ்சமில்லை.

ஓர்வலின் தொலைபேசி வண்டியில் அணைத்தே கிடக்கும். ரஸ்ஸல் ஆலையில் இருப்பான். அவன் மனைவி மிஸ்டியை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். கைக்குழந்தை தூங்கும் நேரம். மிஸ்டி சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பாள்.

"ஜோலின், வண்டில ஏறு. செருப்பு வேணாம், ஏறு."

ஏழு மைல். அவள் எப்போதும் நாற்பதுக்கு மேல் போகாதவள். அன்று எவ்வளவில் போனாள் என்று பார்க்கவில்லை. ஜோலின் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஹேலி அக்காவுக்கு என்னம்மா?" கெண்ட்ரா இன்னும் அழுத்தி ஓட்டினாள். ஏழு மைலும் அவளுக்குள் ஒரே எண்ணம்: கோப்பை கழுவினேன். ஜாம் தடவினேன்.

ரஸ்ஸலின் வீடு சக்கரம் கழற்றிய நீள வண்டிவீடு. அதன் சுவர்கள் அட்டைக்கு அண்ணன். ஓர்வலின் வண்டி வாசலில் நின்றது. கெண்ட்ரா ஜோலினை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினாள். ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. கத்தவும் கூடாது. விசையில் விரல் வைத்திருக்கும் பிள்ளை திடுக்கிட்டால் விரல் மடங்கும்.

வலைக்கதவு வழியாகப் பார்த்தாள். ஓர்வல் சோபாவில் காபியோடு. மிஸ்டி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு. பத்து வயது ஹேலி கம்பளத்தில் குப்புறப் படுத்து, எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் இருந்த மானைக் குறிபார்த்தாள். நாணயம் குழல்நுனியில் அசையாமல் இருந்தது. 'டிக்.'

"எட்டு!" என்றாள் ஹேலி.

"சபாஷ். இழு, போல்ட்ட இழு," என்றார் ஓர்வல்.

ஹேலி நாணயத்தை எடுத்துக்கொண்டு போல்ட்டை இழுத்து மூடினாள். "இந்தத் தடவ கொஞ்சம் இறுக்கமா மூடுது தாத்தா."

"பழசுதானே. அப்படித்தான் இருக்கும். காச வை."

கெண்ட்ரா கதவைத் திறந்தாள். திறந்தபடியே விட்டாள். ஓர்வல் நிமிர்ந்து, "வந்துட்டாங்கப்பா அட்டெண்டன்ஸ் டீச்சர்," என்றார். அவள் காதில் விழாததுபோல் நடந்துபோய் ஹேலியின் பக்கத்தில் மண்டியிட்டாள். தன் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கண்ணு, விரல வெளில எடு. ஆங். அப்படியே எங்கிட்டக் குடு."

"சித்தி, இன்னும் ரெண்டுதான் பாக்கி..."

"தெரியும். குடு."

வாங்கிக் குழலைத் திறந்த கதவுப்பக்கம், வாசல் மண்ணை நோக்கித் திருப்பினாள். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தாள். பித்தளை நிறத்தில் ஒன்று துள்ளி வந்து அவள் முழங்காலில் பட்டுக் கம்பளத்தில் உருண்டது. வெற்றுக் கூடு அல்ல. நுனியில் சாம்பல் நிற ஈயம் முழுசாக இருந்தது.

ஓர்வல் அதையே பார்த்தார். காபி சாய்ந்து அவர் தொடையில் கொட்டுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஹேலி, தான் என்ன தப்புச் செய்தோம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "காசு ஒரு தடவகூட விழல," என்றாள்.

மிஸ்டி அடுப்பை அணைத்தாள். நாட்காட்டி தொங்கிய சுவரைப் பார்த்தாள். பின் வேகமாகப் போய் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்த அறைக் கதவைத் திறந்தாள். தூக்கம் கலைந்த குழந்தை சிணுங்குவது கேட்டது. சிணுங்கல் அழுகையானது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"மிஸ்டி... நான் நாலு தடவ..." என்று ஓர்வல் ஆரம்பித்தார்.

மிஸ்டி அவரைப் பார்க்கவில்லை. கெண்ட்ராவைத்தான் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணு இருக்குன்னு உனக்கு எப்பலேர்ந்து சந்தேகம்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், உடனே ஓடிவந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மையும்கூட.

"மத்தியானத்துலேர்ந்து, அக்கா."

"உன் வீட்டுல வேணாம்னுட்ட."

"ஆமா."

"இங்க வருதுன்னு தெரியும்."

கெண்ட்ரா தலையசைத்தாள்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. மிஸ்டி அதைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஹேலியின் தோளைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்து நிறுத்தினாள். பிறகு கதவருகே போய், ஏற்கெனவே திறந்திருந்த கதவை இன்னும் அகலமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் வழிவிட்டு நின்றாள்.

ஓர்வல் முதலில் எழுந்தார். கெண்ட்ரா போல்ட் திறந்த துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பின்னால் வெளியே நடந்தாள்.