வெறும் சோளம்

கரண்டியின் முதுகால் அழுத்தியதும் மாத்திரை இரண்டாகி, ஒரு பாதி தெறித்து அடுப்படி மூலைக்கு ஓடிவிட்டது. அவள் குனிந்து தேடவில்லை. குனிந்தால் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். மிஞ்சிய பாதியைப் பொடித்துக் கஞ்சியில் கொட்டினாள். மேலே தாராளமாகத் தேனை ஊற்றிக் கலக்கினாள். பக்கத்து அறையில் கணவர் முனகிக்கொண்டிருந்தார். அது நேற்றிலிருந்து நிற்கவே இல்லை.

முந்தாநாள் இதே வேலையைச் செய்து வசமாக மாட்டிக்கொண்டாள். முதல் வாயிலேயே அவர் நாக்கைச் சுழற்றி, துண்டில் துப்பிவிட்டு, "யாருகிட்ட?" என்றார். அதிலிருந்து அவள் கையால் ஒன்றும் வாங்குவதில்லை. தண்ணீர்கூட, கண்ணெதிரே ஊற்றினால்தான்.

யாரிடம் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் செய்தது இதைத்தான். குடிதண்ணீர் ஏரியில் யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்ட அந்நியக் கெண்டை பெருகி, அடிமண்ணைக் கிளறி, தண்ணீரைச் சேறாக்கி, ஊர் மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. வலை போட்டால் தாண்டிக் குதிக்கும். அதனால் இரை வைத்தார்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஊறவைத்த மக்காச்சோளம். ஊர் மீன்கள் அதைத் தொடாது. கெண்டை மட்டும் முதலில் ஒன்றிரண்டாக வரும், போகப் போகக் குடும்பத்தோடு வரும். சந்தேகமே இல்லாமல் எல்லாம் வந்து சேர்கிற நிலை வந்ததும், ஒருநாள் மருந்து கலந்த சோளம் வைப்பார்கள். கலக்கும் அளவு கொஞ்சம் கூடினாலும் கெண்டை துப்பிவிடும். துப்பிய கெண்டை அந்தப் பக்கம் திரும்பாது. மறுபடி முதல் நாளிலிருந்து வெறும் சோளம் போட வேண்டும்.

தெருவில் அவருக்கு இரைக்காரர் என்றே பெயர். விருந்து வைத்தே ஆளைத் தீர்த்துவிடுவாராமே என்று பெண்கள் அவளைச் சீண்டுவார்கள். என் வீட்டில் சமையல் என் கையில், அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளும் விடாமல் சொல்வாள்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் சாயங்காலம் வந்து போடும் ஊசி விடிவதற்குள் தீர்ந்துவிடும். பகலுக்கு இந்த மாத்திரைதான். அது வலியோடு சேர்த்து ஆளையும் தூக்கத்தில் போட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். "அவ வர்ற வரைக்கும் முழிச்சிருக்கணும்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மகள் வர மதியம் தாண்டும். அதுவரை இந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கு வலிக்கிறதே என்ற வேதனை ஒரு பக்கம், கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் போதும் என்ற அலுப்பு ஒரு பக்கம். எது அதிகம் என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

கிண்ணத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னது?"

"கஞ்சி. ஒண்ணும் கலக்கல."

அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"வெறும் சோளமா?"

"வெறும் சோளம்தான்."

"எத்தனாவது நாள்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல் நாள்."

முதல் நாள் என்றால் பயமில்லை. அவர் வாயைத் திறந்தார்.

முதல் கரண்டி வாய்க்குள் போனதும் தாடை ஒரு கணம் நின்றது. அவள் சட்டென்று உள்ளங்கையைக் குவித்து அவர் மோவாய்க்குக் கீழே பிடித்தாள். தொண்டை மேலேறி இறங்கியது.

"தேன் போட்டியா?"

"கொஞ்சமா."

"ம். நல்லா இருக்கு."

அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அளவு சரியாகிவிட்டது, இத்தனை வருஷம் கேட்ட பாடம் வீண்போகவில்லை என்று ஒரு சின்னத் திருப்திகூட. அவர் ஒவ்வொரு வாயையும் நிதானமாக விழுங்கினார். நடுவில், "நீ தூங்கி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார்.

"நான் எங்க தூங்கறது."

"அதான் கேக்கறேன்."

கிண்ணத்தின் அடி தெரிந்தபோது போதும் என்று தலையசைத்தார். "நீயும் கொஞ்சம் படு. அவ வந்தா எழுப்பு."

முனகல் மெல்லத் தேய்ந்து நின்றது. கிண்ணத்தை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வந்து, கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தாள். படுத்ததுதான் தெரியும்.

வாசல் மணி அடித்து ஓய்ந்து, கதவைத் தட்டத் தொடங்கிய பிறகே விழிப்பு வந்தது. அறை அமைதியாக இருந்தது. அப்பாடா என்றுதான் முதலில் நினைத்தாள். கட்டிலைப் பிடித்து எழுந்து அவர் நெற்றியில் கை வைத்த பிறகு, கதவு வரைக்கும் நடப்பது பெரிய தூரமாக இருந்தது.

மகள் பையைக்கூடக் கீழே வைக்காமல், "தூங்கறாரா?" என்றாள். அவள் வழிவிட்டு நின்றாள்.

சாயங்காலம் ஊசி போட வந்த நர்ஸ், தூக்கத்திலேயே போயிருக்கிறார், அந்த உடம்புக்கு இன்றோ நாளையோதான், மாத்திரையால் கூடுவதுமில்லை குறைவதுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் நர்ஸிடம் அதைக் கேட்கவில்லை. அவரோடு வேலை பார்த்த படகுக்காரர் வாசற்படியிலேயே நின்றார். இன்றைக்குத்தான் ஏரியில் மருந்து வைத்தார்களாம். கெண்டை மொத்தமும் வந்ததாம். அவரிடம் சொல்லத்தான் கிளம்பி வந்தாராம். சொல்லிவிட்டுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் ஆட்கள் நிறைந்தபோது அவள் அடுப்படிக்குள் ஒதுங்கினாள். மகள் பின்னாலேயே வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"ரெண்டு நாளா எதுவுமே சாப்பிடலன்னு போன்ல சொன்னியே. வெறும் வயித்தோடவா போனாரு?"

"இல்ல. காலைல கஞ்சி சாப்பிட்டாரு. நான்தான் குடுத்தேன்."

மகள் மேடையிலிருந்த கிண்ணத்தை எடுத்தாள். அப்பா கடைசியாகச் சாப்பிட்டது என்று அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மறுகணம் முகம் சுருங்கித் தொட்டியில் துப்பினாள்.

"என்னம்மா இது, இப்படிக் கசக்குது. இதையா சாப்பிட்டாரு?"

அவள் கிண்ணத்தை வாங்கினாள். அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கரண்டியால் வழித்துத் தன் வாயில் போட்டாள். தேன் ருசி எங்கேயும் இல்லை. நாக்கு தானாகவே அதை வெளியே தள்ளப் பார்த்தது. கூடத்திலிருந்து யாரோ, அம்மாவை வரச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். அவள் அதை விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.