மீட்டர் அசையாத வீடு

பெரியவர் ஆர்வில் வீட்டுத் தண்ணீர் மீட்டர் மூன்று மாதமாக அசையவில்லை. பழுது என்று நினைத்துத்தான் போனேன். கென்டக்கியில் எங்கள் சின்ன ஊரின் தண்ணீர் அலுவலகத்தில் பில் போடுவதும் நான்தான், அதற்காகத் திட்டு வாங்குவதும் நான்தான்.

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. மனிதர் வால்வை மூடிவிட்டு, எழுபத்தாறு வயதில், கல்லறைத் தோட்டத்துக் குழாயிலிருந்து கேன் கேனாகச் சுமந்துகொண்டிருந்தார். சொட்டுக்கூடச் செலவழிக்காவிட்டால் பணம் கட்ட வேண்டாம் என்று நம்பிக்கை; வந்த பில்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இணைப்பு இருக்கும்வரை மாதக் கட்டணம் வந்துகொண்டேதான் இருக்கும் என்றேன். முகம் சுருங்கிப் போனது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவ்வளவும் பாசம்தான்.

வருமானம் குறைந்த முன்னாள் ராணுவத்தினருக்குத் தண்ணீருக்கு எந்தக் கட்டணமும் கிடையாது என்று நகர மன்றம் போன வருடமே தீர்மானித்திருந்தது. விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. வியட்நாம் போரின்போது ராணுவத்தில்தான் இருந்தாராம், ஆனால் நாட்டைவிட்டே போகவில்லையாம். ஜார்ஜியா முகாமில் ரொட்டி சுட்டாராம். அதே முகாமில் பயிற்சி முடித்துப் போருக்குப் போனவன் தம்பி எமெட். அவன் திரும்பவில்லை.

"அது சண்டை போட்டவங்களுக்கு உள்ளது, ரோண்டா. நான் மாவு பிசைஞ்சவன். எமெட் பேரைச் சொல்லி நான் ஓசியில குளிக்கவா?"

எங்கே சண்டை போட்டாய் என்று எந்த வரியில் கேட்டிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். அப்படி ஒரு கேள்வியே இல்லை. ஆனாலும் தாளைத் தள்ளி வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"எமெட்டுக்கு இந்த ஊரால ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு. மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். உங்களுக்காவது செய்ய விடுங்க, மிஸ்டர் ஆர்வில்."

தாளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனா கேட்டார். பெயர், வருடம் எல்லாம் எழுதி, பார்த்த வேலை என்ற கட்டத்தில் நின்றார்.

"இங்க என்னம்மா போடறது?"

"செஞ்சதைப் போடுங்க."

ரொட்டி சுட்டேன் என்று எழுதினார். பிறகு, கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் தொடர்ந்தார்: 'என் தம்பி புறப்பட்ட அன்று காலையும் நான்தான் சுட்டேன்.'

விண்ணப்பத்தை அப்படியே வாங்கிக்கொண்டேன்.