மன்மதனின் முகம்

பண்டாரவளையில் நௌபர் நானாவின் சாப்பாட்டுக் கடைச் சுவருக்கு ஓர் ஓவியம் வரைய மதுஷாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நானா கேட்டது அருவியும் தேயிலைக் கொழுந்துக் கூடைகளும்.

"அது எல்லாக் கடையிலயும் இருக்கே நானா. எங்க காமன் கூத்தைப் போடுறேன்."

"சரி தங்கச்சி, வடிவா இருந்தாப் போதும்."

மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது மாசி பிறந்தால் தப்புமேளச் சத்தம்தான். கூத்தில் சிவன் மன்மதனை எரிப்பார், ரதி விழுந்து புரண்டு அழுவாள். அப்பா இராமையாதான் ரதி. மீசையை மழித்து, அம்மாவின் கல்யாணச் சேலையை உடுத்தி அவர் வந்தால் லய வீடுகளின் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். பக்கத்து வீட்டு விஜேந்திரன் மாமா மன்மதன். ஒரு மழைக்காலத்து மண்சரிவில் லயமே புதைந்தது, மாமாவும் போய்விட்டார். வேறு இடத்தில் கட்டிக்கொடுத்த புது வீட்டுக்குப் போன பிறகு அப்பா வேஷம் கட்டவில்லை. கூத்தைப் பற்றிப் பேசவும் இல்லை.

ரதியின் முகம் எளிதாக வந்துவிட்டது. மன்மதனைத்தான் வரைவதும் அழிப்பதுமாக இருந்தாள். மாமாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தயங்கித் தயங்கி அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"மாமா முகம் வரமாட்டேங்குதுப்பா."

அவர் போனை வைத்துவிட்டார். ஆனால் மறுநாள் காலை கடை வாசலில் வந்து நின்றார். சுவரில் அரைகுறையாக நின்ற மன்மதனைப் பார்த்தார்.

"ஏன் இப்படி மொறைக்கிறான்?"

"சிவன் எரிக்கப் போறாருல்லப்பா."

"எரிக்கிறப்பவும் சிரிப்பான்டி அவன். என்னையச் சேலையில பாத்தா அவனுக்கு அடங்காது. நான் மார்ல அடிச்சு அழுவேன், செத்துக் கெடக்கிறவன் வயிறு குலுங்கும்!"

சொல்லும்போதே அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நானா ஒரு கோப்பை பிளேன்டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

மதுஷா தூரிகையை எடுத்தாள். அப்பா பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்: "பல்லு தெரியணும். கன்னம் இன்னும் உப்பலா." வெயில் சாய்வதற்குள் விஜேந்திரன் மாமா சுவரிலிருந்து சிரித்தார்.

"அவனேதான்," என்றார் அப்பா.

பஸ்ஸுக்கு நடக்கையில் அவராகவே பேச்செடுத்தார்.

"புது வீட்டுக்கு மேல மட்டமா ஒரு எடம் கெடக்கு, பாத்தியா? மாசியில அங்க காமன் கம்பம் ஊணிக் கூத்துக் கட்டலாம்."

"ரதி யாருப்பா?"

"நான் இருக்கேன்ல. மன்மதனுக்குத்தான் ஆளு பாக்கணும்."