சிட்டு தூங்கும் வண்டி

பயணமாம் பயணம்! குழந்தைகளோடு மாசக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினால் குடும்பம் ஒட்டிக்கொள்ளும் என்று எவனோ சொல்ல, இவர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிளம்பிய முதல் வாரத்திலேயே சிட்டு தன் அம்மாவின் மணிக்கட்டில் பல் பதியக் கடித்து வைத்தாள். ரத்தம் கசிந்தது.

"நீ வேணாம், போ! அத்தை வேணும்!" என்று வண்டியே அதிர அலறினாள். காலால் உதைத்த உதையில் அடுப்பு மேலிருந்த பால் கவிழ்ந்தது. நாலு வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு ஆத்திரம் எங்கிருந்துதான் வருமோ!

அம்மாவை வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் கத்திக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய கறிக்கூடத்தில் எலும்பு பிரிக்கிற வேலை. கொக்கியில் தொங்கும் உடலில் எந்த மூட்டில் கத்தியை வைத்தால் எலும்பு சத்தமில்லாமல் கழன்று வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். விடியும் முன்னே போவாள், பிள்ளைகள் தூங்கின பிறகு வருவாள். சிட்டுவைக் குளிப்பாட்டியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது எல்லாம் புருஷனின் அக்காதான். அந்த அக்காவுக்குப் பிள்ளை கிடையாது, உயிரையே சிட்டு மேல் வைத்திருந்தாள்.

ஒரு நாள் கத்திக்காரி சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். சிட்டு அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "இவங்க எப்ப போவாங்க?" என்று கேட்டாள். பெத்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கே கத்திக்காரி முடிவெடுத்தாள். வேலைக்கு லீவு போட்டாள். புருஷன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், எல்லாருக்கும் டிரைவர். அவன் ஒரு பழைய வேனை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, படுக்கப் பலகையும் சின்ன அடுப்பும் பொருத்தினான். கிளம்பும்போது அத்தையைக் கூட்டிக்கொள்ளவில்லை. அதில் கத்திக்காரி பிடிவாதமாக இருந்தாள்.

"கொஞ்ச நாள் என் கையில இருக்கட்டும் அண்ணி. நான்தான் அவளுக்கு அம்மா. அது அவளுக்கே தெரியணும்."

நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதுக்கப்புறம் அடிதடி இல்லாத நாளே கிடையாது. வண்டி நிறுத்துகிற இடத்துக்காக டிரைவர் ஒரு லாரிக்காரனோடு கட்டிப் புரண்டான், வாய் கிழிந்து தையல் போட்டார்கள். மூத்தவன் வாலு, பெயருக்கு ஏற்ற பயல், வேடிக்கை பார்க்க வந்த பையன் மண்டையில் கல்லை விட்டெறிந்தான். சிட்டு தினமும் அம்மாவைக் கீறினாள், கிள்ளினாள், முடியைப் பிடித்து உலுக்கினாள். கத்திக்காரி ஒரு தடவைகூட அவள் மேல் கை நீட்டவில்லை. மற்றவர்களிடம் அவள் கை சும்மா இருக்காது, ஆனால் இவளிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

இதில் ஒரு விஷயம் மட்டும் வசமாக அமைந்தது. எஞ்சின் ஓடினால் சிட்டு தூங்கினாள். பலகைக்கு அடியில் அந்த டகடக அதிர்வு இருக்கும்வரை, தூக்கத்தில் அம்மா மேல் கால் போட்டுக்கொள்வாள், அம்மாவின் காதைத் தடவுவாள். கத்திக்காரி மூச்சுக்கூட விடாமல் படுத்திருப்பாள். எஞ்சின் நின்றால் போச்சு! கண்ணைத் திறப்பாள், அம்மா முகத்தைப் பார்ப்பாள், அத்தை வேணும் என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால் சிட்டு தூங்கும்போது வண்டியை எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை அணைப்பதில்லை என்று ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு வேலை செய்யமாட்டார்கள்.

அன்றைக்கு உச்சி வெயில். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பங்க், பின்னால் லாரிகள் நிற்கிற பெரிய திடல். வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு துள்ள, டிரைவர் அவனைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான். ஓடுகிறபோதே திரும்பி, "அணைச்சிட்டுப் போடி, கண்ட இடம் இது!" என்றான்.

"இவ முழிச்சா நீயா சமாளிக்கப் போற? போய்யா, குழாய் இதோ பக்கத்துலதான இருக்கு."

அடிப்பிடித்த குக்கரைத் தேய்க்க எடுத்துக்கொண்டு இறங்கினாள். சாவி அதன் இடத்திலேயே இருந்தது. காற்றுக்காக ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. குழாயைத் திறந்து குனிந்தாள். சத்தம் மாறிற்று. எஞ்சின் உறுமுகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா என்ன! நிமிர்ந்தாள். ஓட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புச் சட்டைக்காரன் உட்கார்ந்திருந்தான். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

"டேய்! புள்ளைடா! உள்ள புள்ள இருக்குடா!"

காதில் விழுந்ததோ இல்லையோ, அவன் மிதித்தான். நல்லவேளை, வெளியே போகிற வழியில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒடித்துத் திருப்புவதற்குள் கத்திக்காரி குறுக்கே பாய்ந்து ஜன்னல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள். வண்டி வேகமெடுத்தது. செருப்பு போயிற்று, கால் விரல் நகம் தரையோடு உரசிப் பிய்ந்தது. இன்னொரு கையில் குக்கர் அப்படியே இருந்தது. அதை ஜன்னலுக்குள் விட்டு அவன் முகத்தில் அடித்தாள். மூக்கு நொறுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தாள். வண்டி தறிகெட்டுப் போய் ஒரு கான்கிரீட் தூணில் மோதி நின்றது. மோதின வேகத்தில் பக்கக் கதவு திறந்துகொண்டது. உள்ளே சிட்டு பலகையிலிருந்து உருண்டு விழுந்து வீறிட்டாள்.

அந்த அலறலைக் கேட்டதும் கத்திக்காரிக்குக் கண்மண் தெரியாமல் போயிற்று. அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அவன் இடுப்பிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை உருவி அவள் தோளுக்குக் கீழே குத்தினான். உள்ளே போனது அவளுக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கையைப் பிடித்தாள். முழங்கை மூட்டில் கட்டைவிரலை வைத்து, தினமும் செய்கிற வேலைபோல ஒரு திருப்பு திருப்பினாள். கை கழன்று தொங்கிற்று. அவன் மண்ணில் விழுந்தான்.

"அக்கா, விட்ருங்கக்கா! குழந்தை இருக்கறது தெரியாதுக்கா! சத்தியமா தெரியாதுக்கா!"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கணும். அவன் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தான். ஆனால் அவள் அவன் நெஞ்சின்மேல் முட்டியை வைத்து அழுத்திக்கொண்டு, கீழே கிடந்த குக்கரை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினாள். "எம் புள்ள! எம் புள்ள!" என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினாள். பல் தெறித்தது. அவன் கெஞ்சல் குழறலாகி, குழறலும் அடங்கிப்போனது. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். டிரைவர் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

"செத்துருவான்டி! போதும், விடு!"

மூச்சு வாங்கத் திரும்பினாள். திறந்த கதவில், நெற்றியில் வீக்கத்தோடு சிட்டு நின்றிருந்தாள். அழுகை எப்போதோ நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கத்திக்காரி ரத்தக் கையை நீட்டி, "வா செல்லம், அம்மாகிட்ட வா" என்றாள்.

சிட்டு உடனே வந்தாள்.

திடலில் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். "தாய்னா இவதான்யா தாய்!" என்று ஒரு லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. சிவப்புச் சட்டைக்காரன் பிழைத்துக்கொள்வான், ஒரு கண் மட்டும் தேறாது என்று பிறகு சொன்னார்கள். கத்திக்காரியின் தோளுக்குத் தையல் போட்டு, ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள்.

மறுநாள் டிரைவருக்கு ஒரே ஆச்சரியம். சிட்டு கடிக்கவில்லை, கீறவில்லை. அம்மா கரண்டியை எடுக்கும் முன்பே வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் குடி என்றால் குடித்தாள், படு என்றால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பாத்தியாடி? நீ நெனச்சது நடந்துருச்சு!" என்று பூரித்துப்போனான் அவன். வாலுகூட, "அம்மா, இவ நல்ல பொண்ணாயிட்டா!" என்று குதித்தான்.

கத்திக்காரியும் நம்பத்தான் பார்த்தாள். எத்தனை நாள் ஏக்கம்!

நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. எல்லார் முகமும் தெரிகிற மாதிரி டிரைவர் போனைப் பிடித்தான். கத்திக்காரி சிட்டுவைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் நாத்தனார் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"என் தங்கமே! அத்தை வந்து கூட்டிட்டுப் போகட்டுமா? எங்கிட்ட வர்றியாடா?"

சிட்டு அத்தையைப் பார்க்கவில்லை. முதலில் அம்மாவின் கையைப் பார்த்தாள். நகக்கணுவில் காய்ந்திருந்ததைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். ஒப்பிக்கிற பாட்டுப்போல மெதுவாகச் சொன்னாள்:

"வேணாம். நான் அம்மாகிட்டயே இருக்கேன்."

டிரைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கேட்டியாக்கா? கேட்டியா?" என்றான்.

கத்திக்காரியின் மடி சூடாக நனைந்தது. குழந்தை நடுங்கவில்லை, அழவில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, அம்மா கண்டுபிடித்துவிடுவாளோ என்று, நனைந்த பாவாடையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

கத்திக்காரி அணைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். சிட்டுவின் கண் இறுக மூடியது. தூக்கின கையை அப்படியே இறக்கிக்கொண்டாள்.

"அண்ணி" என்றாள் போனைப் பார்த்து. "இன்னிக்கே கிளம்பி வாங்க. வந்து இவளைக் கூட்டிட்டுப் போங்க."