கயிறு யார் கையில் இருந்தது

மதியத் தொழுகைக்குப் பிறகு மேல்தளத்தில் கூடியவர்கள் இவர்கள். கப்பல் தலைவர் நகுதா பராஹிமா, பெரிய பாய்மரத்தில் முதுகைச் சாய்த்துப் பாயில். சுக்கானி லாஜ்ஜு, அவருக்கு வலப்பக்கம், சுருட்டி வைத்த ஆலாத்துக் கயிற்றின் மேல். சமையல்காரன் தொம்போ, அடுப்புப் பெட்டியின் ஓரத்தில், பாதி செதில் எடுத்த மீனோடு. கப்பலாள் ஜுமாக்கா எங்களோடு வந்து உட்காரவில்லை. கப்பலின் முன்முனையில், அணியத்துப் பக்கம் கைப்பிடிக் கட்டையில், எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டி. நடுவில் நான், இந்தக் கப்பலில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி, ஒரு பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்துக்கொண்டு. மற்றவர்கள் பலகை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று இறந்த எங்கள் கப்பலாள் சங்கலாவைக் காலையில்தான் ஜாவாவின் கிரெசிக் ஊர் மையவாடியில் அடக்கிவிட்டு வந்திருந்தோம். கடிதம் அவனுடைய அண்ணன் பசோலொங்குக்கு. அடுத்த படித்துறையில் நின்ற ரெம்புலான் கப்பல் அன்றைய கடல் ஏற்றத்தில் எங்கள் ஊர் பீராவுக்குக் கிளம்புகிறது. நாங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் சேதி போயிருக்க வேண்டும். எப்படிச் செத்தான், யாரால் செத்தான் என்று தெரியாமல் பசோலொங் விடமாட்டார். தெரிந்த பிறகு அவருடைய இடுப்புக் கத்திக்கு ஒரு வேலை இருக்கும். அதைச் செய்யாத அண்ணனை எங்கள் ஊரில் ஆளாக மதிக்கமாட்டார்கள்.

"காத்து திடீர்னு ஏறிடுச்சுன்னு எழுது" என்றார் நகுதா.

லாஜ்ஜு தலையை ஆட்டினான். "செல்லாது நகுதா. அவரு இதே கப்பல்ல சுக்கான் பிடிச்சவரு. காத்து ஏறினா என்ன, கயித்தைப் பிடிக்கலையான்னு கேப்பாரு."

கேட்பார்தான். எஞ்சின் இல்லாத கப்பலைக் கிழக்குக் காற்றில் கிரெசிக்கில் கட்ட ஒரே வழிதான் உண்டு. பாயை இறக்கிவிட்டுக் கரைக்குக் கிழக்கே தள்ளி நங்கூரத்தைப் போடுவோம். காற்று கப்பலைக் கல்துறையை நோக்கித் தள்ளும். அணியத்தில் நிற்பவன் நங்கூரக் கயிற்றைக் கட்டையில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். அவன் பிடித்தால் கப்பல் நிற்கும், விட்டால் போகும்.

"அப்ப கயிறு அறுந்துச்சுன்னு எழுது."

தொம்போ சிரித்துவிட்டான். "அதை முறுக்கினதே பசோலொங் அண்ணன்தான். அறுந்துச்சுன்னு எழுதினா தம்பியை மறந்துட்டு அதுக்குல்ல முதல்ல வெட்டுவாரு."

"நீ மீனைப் பாரு."

"அது செத்துப்போச்சு நகுதா, எங்கயும் ஓடாது."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மீனைத் திருப்பிப் போட்டான்.

"சங்கலா தானா அவசரப்பட்டு இறங்கினான்னு…" என்று நகுதா ஆரம்பித்தார்.

ஜுமாக்கா திரும்பாமலே பேசினான். "எதுக்கு இறங்கினான்னு கேப்பாரு. இடது சுக்கானைத் தூக்காம நங்கூரம் போடச் சொன்னது யாருன்னு கேப்பாரு."

எங்கள் கப்பலுக்குச் சுக்கான் இரண்டு, பின்முனையான அமரத்தில் பக்கத்துக்கு ஒன்று. கரைப்பக்கத்துச் சுக்கானைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் நங்கூரம் போடுவது வழக்கம்; இல்லாவிட்டால் அது கல்லில் மோதிச் சிதறும். நேற்று அதே இடத்தைப் பிடிக்க மதுராத் தீவுக்காரன் ஒருவன் தன் கப்பலோடு குறுக்கே வந்துகொண்டிருந்தான். கடைசிவரை இரண்டு சுக்கானும் வேண்டும் என்று நகுதா தூக்கவிடவில்லை. நங்கூரம் விழுந்த பிறகு பார்த்தால் இடது சுக்கானின் கட்டு இறுகிக் கிடந்தது. அதை அவிழ்க்கத்தான் சங்கலா கப்பலின் வெளிப்பக்கம் தொங்கினான். நங்கூரக் கயிறு ஓடியது; கப்பலுக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் நசுங்கினான். நான் கீழே துறைமுகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது கப்பல் கல்லில் இடித்தது மட்டும்.

நகுதா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதினேன்.

'மச்சான் அவர்களுக்கு, ஸலாம். தங்கள் தம்பி சங்கலா கிரெசிக் துறையில் கப்பலைக் கரையோடு கட்டும்போது காலமானான். இடது சுக்கானின் கட்டை அவிழ்க்க இறங்கியிருந்தான். அப்போது நங்கூரக் கயிறு ஓடி, கப்பல் கல்லோடு நெருங்கிவிட்டது. கயிறு ஜுமாக்காவின் கையில் இருந்தது. முறைப்படி குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, தொழுது அடக்கினோம்.'

வாசித்துக் காட்டினேன்.

"ஒரு வார்த்தை விட்டுப்போச்சு" என்றான் ஜுமாக்கா. இப்போது முழுதாகத் திரும்பியிருந்தான்.

"என்ன வார்த்தை?"

"விடு."

"காத்துல ஆயிரம் சத்தம் கேக்கும்டா" என்றார் நகுதா.

"ரெண்டு தடவை கத்தினீங்க. 'விடு, விடுடா, மதுராக்காரன் முந்துறான்'னு. நான் நிக்கிற எடத்துலேர்ந்து அமரம் தெரியுமா? நடுவுல அறை நிக்குது, எறக்கின பாய் மலையாட்டம் கெடக்குது. அங்க ஒருத்தன் தொங்கறான்னு எனக்கு யாரு சொல்றது? உங்க வாய்தான் எனக்குக் கண்ணு."

நகுதா அவனைப் பார்க்கவில்லை. "லாஜ்ஜு, நீ கேட்டியா?"

லாஜ்ஜு நேற்று நகுதாவுக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றவன். உட்கார்ந்திருந்த கயிற்றின் பிரியைக் கிள்ளினான். "நான் வலது சுக்கான்ல இருந்தேன். காத்து…"

"தொம்போ?"

"அடுப்புல சோறு கொதிச்சுட்டிருந்தது, நகுதா."

"சோறு அவ்வளவு சத்தமாவாடா கொதிக்கும்?" என்றான் ஜுமாக்கா. தொம்போ குனிந்து மீனின் செதிலைச் சுரண்டினான்.

நகுதா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. என் பேரு அதுல போனா, என் பொஞ்சாதியோட அண்ணனே என்னைக் குத்தியாகணும். தம்பியைப் பறிகுடுத்தவ அவ. புருசனையும் குடுக்கணுமா? நீ செலாயார்க்காரன், எங்க ஊருக்குப் பிழைக்க வந்தவன். இங்கயே எறங்கிக்க. ஜாவா பெரிய ஊரு, உன்னை யாரும் தேடி வரமாட்டாங்க."

"என் வீடு பசோலொங் அண்ணன் வீட்டுக்கு மூணாவது வீடு, நகுதா. என் பொஞ்சாதி போண்டெங்கும் புள்ளையும் அங்க இருக்காங்க."

"அனுப்பி வைக்கச் சொல்றேன்."

"யாரு அனுப்புவா? அவரா?"

"நகுதா, அந்த ஒரு சொல்லையும் சேர்த்துடவா?" என்று நான் கேட்டேன்.

"நீ கேட்டியா, கிராணி?"

"நான் கீழ இருந்தேன்."

"கேக்காததை எழுதுன்னா பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க?"

நகுதா கையெழுத்துப் போட்டார். தாளை மடித்து உறையில் போட்டேன். கப்பல் விரிசலுக்குப் பூசும் குங்கிலியத்தைத் தொம்போ அடுப்பில் இளக்கிக் கொடுத்தான். மடிப்பின் மேல் ஒரு சொட்டு விட்டு ஆறும்வரை ஊதினேன்.

ரெம்புலானிலிருந்து குரல் வந்தது. "ஏற்றம் நிக்கப் போகுது! இழுக்க ஆள் குடுங்கப்பா!"

எதிர்க்காற்றில் துறையை விட்டு விலக வேண்டுமானால், சிறுதோணியில் நங்கூரத்தைக் கொண்டுபோய்க் கிழக்கே தூரத்தில் போட்டுவிட்டு, அந்தக் கயிற்றைப் பிடித்துக் கப்பலையே இழுக்க வேண்டும். அவர்களிடம் ஆள் போதாது. கேட்டால் எந்தக் கப்பலும் இல்லையென்று சொல்வதில்லை. முதலில் எழுந்தவன் ஜுமாக்கா. கட்டையிலிருந்து குதித்து, கல்துறை வழியாக நடந்து ரெம்புலானில் ஏறினான். அவன் பின்னால் லாஜ்ஜுவும் இன்னும் சிலரும் போனார்கள். திரும்பி வருவதற்கென்று எங்கள் தோணியை அந்தக் கப்பலின் பின்னால் கட்டினார்கள். நானும் போய்க் கடிதத்தை ரெம்புலான் நகுதாவின் கையில் கொடுத்துவிட்டுத் துறையில் இறங்கி நின்றேன். அவர் அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார்.

இழுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் ஜுமாக்கா. தளத்தில் பாதத்தை ஊன்றி, உடம்பைப் பின்னால் எறிந்து இழுத்தான். கப்பல் கல்லை விட்டு ஒரு முழம் விலகியது, பிறகு ஒரு ஆள் நீளம், பிறகு எங்கள் பாய்மரத்தையும் தாண்டிப் போனது. நங்கூரம் ஏறியதும் பாயை விரித்தார்கள்.

எங்கள் தோணி திரும்பி வந்தது. அதில் ஜுமாக்கா இல்லை.

"எங்கடா அவன்?" என்றார் நகுதா.

"கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டான்" என்றான் லாஜ்ஜு. தோணியிலிருந்து ஏறாமல் துடுப்பை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். "கடிதாசியை வாசிக்கிறப்ப பக்கத்துல இருந்து மிச்சத்தைச் சொல்லணுமாம்."

"பசோலொங் அவனைப் பேச விடுவானா?"

"அதையும் கேட்டேன். 'ஒரு வார்த்தைதானே'ன்னான்."

நகுதா கைப்பிடிக் கட்டையைப் பற்றிக்கொண்டு கிழக்கே பார்த்தார். ரெம்புலான் காற்றைப் பிடித்துச் சாய்ந்துவிட்டிருந்தது. எஞ்சின் இருந்தால் துரத்திப் பிடிக்கலாம். எங்களிடம் இருந்தது காற்று ஒன்றுதான். அது எங்கள் கப்பலைக் கல்லோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது.